பிறருக்குப் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகளுக்கு ஏழு வயது நிறைந்தபோது, கடற்கன்னிப் படத்தை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள் என்ற ஒரே துணிச்சலில், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதைத் தொகுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். 1989இல் வந்த டிஸ்னி படம் கல்யாணத்தில் முடிகிறது. 1837இல் வெளியான ஆண்டர்சனின் கதையிலோ கடற்சூனியக்காரி கடற்கன்னியின் நாக்கை அறுத்து எடுத்துக்கொள்கிறாள். தரையில் வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் உயிர் பிழைக்கலாம் என்று சகோதரிகள் கொடுத்த கத்தியை அவள் கடலில் எறிந்துவிட்டு நுரையாகக் கரைகிறாள். “அத்தை, அவ ஏன் கத்தியைத் தூக்கிப் போட்டா?” என்று குழந்தை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கதையில் குறையொன்றும் இல்லை. நான் படிக்காமல் கொடுத்ததுதான் குறை.

தேவதைக் கதை என்றாலே குழந்தைகளுக்கானது என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஜெர்மனியின் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுதி, அடிக்குறிப்புகளும் ஆய்வுக் குறிப்புகளும் நிறைந்த, அறிஞர்களுக்கே ஏற்ற நூலாக இருந்தது. குழந்தைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒருவனை உண்மையாகவே அறுத்துவிடும் கதைகூட அதில் உண்டு. 1819இன் இரண்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். சிற்றன்னை என்பது பிறகு செய்த திருத்தம். ஐம்பது கதைகள் மட்டும் கொண்ட சிறிய பதிப்பு 1825இல் வந்தது. வில்ஹெல்ம் கிரிம் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி மெருகேற்றிய ஏழாம் பதிப்பு 1857இல் வந்தது. ஆகவே, அட்டையில் ‘கிரிம் கதைகள்’ என்றிருப்பதால் மட்டும் உள்ளே எந்தக் கிரிம் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அந்த 1812ஆம் ஆண்டு வடிவத்தை ஜாக் சைப்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2014இல் நூலாகவும் வந்திருக்கிறது. நாட்டார் கதைகளில் ஈடுபாடுள்ள கல்லூரி மாணவருக்கு அது பொக்கிஷம். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அன்று.

சிண்ட்ரெல்லாவும் இப்படித்தான். கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் 1697இல் பிரெஞ்சில் எழுதிய ஷார்ல் பெரோவுடையவை. கிரிம் வடிவத்தில் பூசணியே கிடையாது. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரம்தான் உடை தருகிறது, செருப்புக்குள் நுழைவதற்காக அக்காள்கள் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். அதே பெரோவின் சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு கதை முடிந்துவிடும். காப்பாற்ற வேட்டைக்காரன் வரமாட்டான்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போக வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பி, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்னாலுள்ள பதிப்புரிமைப் பக்கத்தையும் ஒரு நிமிடம் படித்தால் போதும். மொழிபெயர்ப்பா, தழுவலா, சுருக்கமா என்பது அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத மலிவுப் பதிப்பை நான் இப்போதெல்லாம் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுகிறேன், ஏனெனில் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றை யாரோ எங்கேயோ வெட்டி அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். சுருக்கப் பதிப்பு கெட்டது என்பதில்லை. முழு நூல் என்று நம்பிப் பெரியவர் ஒருவருக்கு அதைப் பரிசளிப்பதுதான் சங்கடம்.

காலப்பயணக் காதல் கதைகளில் தவறு வேறு விதமாக நேரும். காலப்பயணம், காதல் என்ற இரண்டு சொற்களில் வாசகர் எதற்காக வருகிறார் என்று கேட்காமலேயே வாங்கிவிடுகிறோம். 1895இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘கால இயந்திரம்’ பிடித்த ஒருவருக்கு, டயானா கபல்டனின் ‘அவுட்லேண்டர்’ கொடுத்தால், இயந்திரம் எங்கே என்று கேட்பார். அங்கே 1945ஆம் ஆண்டின் செவிலி ஒருத்தி ஸ்காட்லாந்தில் பழங்காலத்தில் நட்டுவைத்த பெருங்கற்களுக்கிடையே புகுந்து 1743இல் போய் விழுகிறாள், அவ்வளவுதான். காதலுக்காகவே படிப்பவர், முடிவில் இருவரும் சேர்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் புத்தகத்தைத் திறக்கிறார். அவரிடம் ஆட்ரி நிஃபனெக்கர் 2003இல் எழுதிய ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’ நாவலை, தலைப்பை மட்டும் நம்பிக் கொடுத்தால், பிரிவையும் இழப்பையும் பற்றிய ஒரு நூலை அவர் தலையில் கட்டியதாகிவிடும். ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நூலிலும் ஒரு பெண் காலத்தில் பின்னோக்கி இழுக்கப்படுகிறாள், ஆனால் அவள் போய்ச் சேருமிடம் அடிமைமுறை நிலவிய மேரிலாந்துப் பண்ணை. அருமையான நாவல்தான், காதல் கதை என்று சொல்லிக் கொடுக்காத வரையில்.

அவுட்லேண்டர் விஷயத்தில் இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. காதல் கதை என்பதால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; போரும் சவுக்கடியும் பாலியல் வன்முறையும் விரிவாக வரும் நூல் அது. 1991இல் தொடங்கி 2021க்குள் ஒன்பது பெரிய தொகுதிகள் வந்துவிட்ட தொடர் என்பதால், கண்ணில் பட்ட நான்காம் பாகத்தை வாங்கிக் கொடுப்பது, கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகு ஆளை அனுப்புவது போன்றது. முதல் பாகம் பிரிட்டனில் முதலில் ‘கிராஸ் ஸ்டிட்ச்’ என்ற பெயரில் வந்ததால், பழைய புத்தகக் கடையில் அதை வேறு நூல் என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கவும் வாய்ப்பிருக்கிறது.

வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்து ரசனையை முடிவு செய்வது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகளிலேயே ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று எழுதிவிட்டார். என் அனுபவத்தில், எது பிடிக்கும் என்று கேட்பதைவிட, கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்று கேட்பதில்தான் உருப்படியான பதில் கிடைக்கிறது. முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் கௌரவமான நூல் ஒன்றின் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய என் மாமனாருக்கு வரலாற்று நூல்களாகவே வாங்கிக் கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் என் அலமாரியிலிருந்து அவுட்லேண்டரை அவராகவே எடுத்துப் படித்தவர், பத்து நாளில் இரண்டாம் பாகம் கேட்டார். மூன்றாவதை மட்டும் எழுத்து பொடியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். வாங்கும்போது உள்பக்கத்தைப் பிரித்துப் பார்க்காத என் தவறு அது. அந்தப் பாகத்தை மின்னூலாக வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்திருக்கிறேன்.