உப்புவெளியில் படம் எடுக்க ஏற்ற நேரம்

குஜராத்தின் சிறிய ரண் உப்புவெளியில் காட்டுக்கழுதைகளைப் படம் எடுக்க, சூரியன் உதித்த முதல் ஒன்றரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். பெரிய லென்ஸை வாடகைக்கு எடுக்கும் செலவுகூட மிச்சமாகலாம். வெயில் ஏறினால் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனூடே வரும் ஒளி வளைந்து நடுங்குகிறது. தொலைவில் நிற்கும் கழுதையின் கால்கள் கரைந்து, உடல் மட்டும் கானல் நீரில் மிதப்பதுபோல் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். நெருங்கிப் போகலாம் என்று வண்டியில் துரத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். பாவம், மிரண்டு ஓடும்.

மேகமூட்டமான நாளிலும், விலங்கு தானாகவே அருகில் நிற்கும்போதும் இந்த அவசரம் தேவையில்லை. மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கிவிடுவதால் அப்போது இது பொருந்தாது.