கப்பல் டூர்: வீட்டிலிருந்தே புக் பண்ணலாமா, ஏறிய பிறகா?

மாங்காய் சீசன் முடிந்து கையில் காசு புரளும்போதுதான் கிருஷ்ணகிரியில் என் டிக்கெட் கடைக்குக் கப்பல் விசாரணை வரும். பெங்களூரில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் மலேசியாவின் போர்ட் கிள்ளான், பினாங்கு, தாய்லாந்தின் ஃபுக்கெட். கேபின் முடிவானதும் அடுத்த கேள்வி: "அண்ணா, இறங்கிச் சுத்துற டூரையும் இப்பவே போட்டுடலாமா, ஏறிட்டுப் பாத்துக்கலாமா?"

மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் பார்க்க நினைக்கும் இடம் எவ்வளவு தூரம், திரும்பத் தாமதமானால் உங்களுக்காக யார் காத்திருப்பார்கள் என்று ஊர் ஊராகப் பாருங்கள்.

பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறையில். அது ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், சைவச் சாப்பாடு. தமிழிலேயே வழி கேட்கலாம். பினாங்கு மலைக்குப் போகணும் என்றால், நம்ம ஓலா மாதிரி போனில் கூப்பிடும் கிராப் டாக்ஸி போதும். டூர் விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு. இருந்தாலும் இந்த ஊருக்கு விற்க மாட்டேன்.

போர்ட் கிள்ளான் அப்படி இல்லை. பெயர்தான் கோலாலம்பூர் என்று போட்டிருப்பார்கள். துறைமுகத்திலிருந்து நகரம் 40 கிலோமீட்டருக்கு மேல், பத்துமலை முருகன் கோயில் அதையும் தாண்டி. நம்ம தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் சேலம் போய்ச் சேரும் கணக்கு என்ன ஆகுமோ, மாலை நேரத்து கோலாலம்பூர் சாலையிலும் அதே கதிதான். கப்பல் கம்பெனியின் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். முடியாவிட்டால் உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாக வண்டி பிடித்துப் போனவர் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகம் வரைக்கும் சொந்தச் செலவு.

அதனால் இங்கே கப்பல் டூர்தான், அதுவும் வீட்டிலிருந்தே. பத்துமலை, இரட்டைக் கோபுரம் போன்றவற்றுக்கு இடம் சீக்கிரம் தீரும். கப்பலேறிய முதல் நாள் சாயங்காலம் டூர் கவுண்டரில் வரிசையில் நின்று, மிச்சமிருப்பதை வாங்குவதில் என்ன லாபம்? முன்கூட்டியே வாங்கினால் சில சமயம் விலையும் குறையும். மனசு மாறினால் குறிப்பிட்ட நாள் வரை ரத்து செய்யலாம். அந்தக் கடைசி நாள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். டூர் விவரத்தில் நடை எவ்வளவு, படி எவ்வளவு என்றும் போட்டிருக்கும். பத்துமலையில் 272 படி. முழங்கால் வலிக்காரரை நகர டூரில் சேருங்கள்.

எட்டுப் பத்துப் பேர் போகும் குடும்பத்துக்குத் தனி வேன் மலிவாகத்தான் வரும். போகலாம், ஆனால் கப்பலேறக் கொடுத்த கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாசலில் இருக்கிற மாதிரி ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஃபுக்கெட்டில் விஷயம் வேறு. பெரிய கப்பல்கள் பல கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆளைக் கரைக்கு அனுப்பும். நம்ம ஆட்கள் கிளம்பும் ஆகஸ்டில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, அலை பெரிசு. படகு இறக்க முடியாது என்று அன்று காலையில்கூட அறிவிப்பார்கள். வெளி டூர்க்காரர்கள் '24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் வாபஸ்' என்பார்கள். அன்று காலையில் தெரிவதற்கு அது எந்த உதவி? கப்பல் டூர் என்றால் இறங்காத ஊருக்குக் கட்டிய பணம் திரும்ப வரும். ஆகவே ஃபுக்கெட்டில் எடுத்தால் கப்பல் டூர்தான், அதையும் ஏறிய பிறகு, வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த மாதத்தில் ஸ்பீடு போட்டில் தீவு சுற்றுவது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அங்கே இன்னொரு தொந்தரவு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் போன் 4 மணி காட்டும்போது கப்பலில் 5. போனை நம்பிக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கும் முன் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கப்பலில் வாங்கும் டூருக்கான பணம் டாலரில் கேபின் கணக்கில் ஏறி, கடைசியில் கார்டில் பிடிக்கப்படும். நம்ம ஊர் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் சேரும். எவ்வளவு என்று பேங்கில் கேட்டுவிட்டுப் போங்கள். முழுநாள் டூரில் மதியச் சாப்பாடு உண்டென்றால் சைவம் என்பதை புக் பண்ணும்போதே எழுதுங்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு வழிகாட்டியிடம் சொன்னால் வெறும் சோறும் பழமும்தான் கிடைக்கும்.