ராஃபேலின் காஸ்டிலியோனே: ஐந்தே ட்யூபில் ஆயில் பெயின்டிங் நகல்

பால்தசாரே காஸ்டிலியோனே 1503-இல் இத்தாலியில் நடந்த கரிலியானோ போருக்குப் போய் வந்தவர். பிறகு உர்பினோ அரசவைப் பிரபு, தூதர். ஆனால் 1514-15 வாக்கில் இத்தாலிய ஓவியர் ராஃபேல் வரைந்த அவருடைய ஓவியத்தில் வாளுமில்லை, கவசமுமில்லை. கறுப்புத் தொப்பி, கறுப்பு வெல்வெட், சாம்பல் நிற அணில் ரோமம், நடுவில் வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான். அதனால் டைட்டானியம் ஒயிட், ஐவரி பிளாக், ரா அம்பர், யெல்லோ ஓக்கர், லைட் ரெட் ஆகிய ஐந்தே போதும்.

1. மூல ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 82 செ.மீ. உயரம், 67 செ.மீ. அகலம். கடையில் கிடைக்கும் 16×20 அங்குல கேன்வாஸ் கிட்டத்தட்டப் பொருந்தும். 2 அங்குலக் கட்டங்களைக் கீழிருந்து போடுங்கள். பார்த்து வரைய வைத்திருக்கும் பிரின்ட்டின் அகலத்தையும் 8 பங்காக்கி, அதே அளவில் கீழிருந்தே சதுரம் போடுங்கள். மேலே மிஞ்சும் அரை அங்குலத்துக்கும் குறைவான பட்டை வெறும் சுவர்தான்.

2. வெள்ளை கேன்வாஸில் நேரடியாகத் தொடங்கினால் எல்லா நிறமும் இருட்டாகத் தெரியும். அக்ரிலிக்கில் ரா அம்பரும் வெள்ளையும் கலந்து, ஓவியச் சுவரின் நிறத்துக்கு முழுக்கப் பூசிக் காயவிடுங்கள்.

3. நிழல்களை ரா அம்பரில், டர்பன்டைன் விட்டு மெலிதாகப் போடுங்கள்; ஜன்னல் திறந்திருக்கட்டும். இங்கே ஐவரி பிளாக் வேண்டாம். அது மெதுவாகக் காயும். மேலே பூசியது முதலில் காய்ந்து வெடிக்கும். ரா அம்பர் சீக்கிரம் காயும்.

4. முகத்துக்கு வெள்ளை, ஓக்கர், துளி லைட் ரெட். லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) சில சொட்டுக்கு மேல் வேண்டாம். நிழலைக் கறுப்பால் இருட்டாக்கினால் தோல் பச்சையடிக்கும், அம்பர் சேருங்கள்.

5. எல்லோரும் சறுக்கும் இடம் கண். அவருக்கு நீலக் கண்கள். உடனே நீல ட்யூப் வாங்க ஓட வேண்டாம்! ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்த சாம்பலைக் கருவிழியில் வையுங்கள். தட்டில் வெறும் சாம்பல். சுற்றியுள்ள ஆரஞ்சுத் தோலுக்கு நடுவே நீலமாகத் தெரியும். உண்மையான நீலம் வைத்தால் கண் பொம்மைக் கண்ணாகிவிடும்.

6. ரோமத்தை முடி முடியாக வரையாதீர்கள். சாம்பலைப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தட்டை பிரஷ்ஷால் ஓரத்தை வெல்வெட்டுக்குள் இழுத்துவிடுங்கள். வெளிச்சம் படும் விளிம்பில் மட்டும் நாலைந்து கீற்று.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவையுங்கள்.