ஹம்பி, பாதாமி பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹம்பியை ஒரு கோயிலூராக எண்ணி ஒரே நாள் ஒதுக்குவதில்தான் பெரும்பாலான பயணங்கள் கெடுகின்றன. அது 1336 முதல் 1565 தலைக்கோட்டைப் போர் வரை விஜயநகரப் பேரரசின் தலைநகரம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பரப்பே 40 சதுர கி.மீ.க்கு மேல். விருபாட்சர் கோயில், அரண்மனைப் பகுதி, விட்டலர் கோயில் மூன்றும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஹொசப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் ஹம்பிக்கு இன்னும் 13 கி.மீ. போக வேண்டும். இரண்டு இரவு தங்குங்கள்.

அடுத்து, டிக்கெட். விட்டலர் கோயிலுக்கு எடுக்கும் சீட்டே தாமரை மகால், யானைக் கொட்டில் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும், ஆனால் அன்று ஒரு நாள் மட்டும். மாலையில் விட்டலரைப் பார்த்துவிட்டு மற்றதை மறுநாளுக்கு வைத்தால் மறுபடி காசு கட்ட வேண்டும். விட்டலர் கோயிலைக் காலையிலேயே முடியுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சுமார் ஒரு கி.மீ. பேட்டரி வண்டியில் அல்லது நடந்துதான் போக முடியும். வெயில் ஏறினால் அந்த வரிசையே ஆளைச் சோர்த்துவிடும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

அங்குள்ள இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். பல தலைமுறைகளாகத் தட்டித் தட்டியே அவை தேய்ந்தன, அதனால்தான் தடை. 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேரை ஒரே கல் என்று பலரும் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கருங்கல் துண்டுகளை இணைப்புத் தெரியாமல் கோத்துக் கட்டிய கருடன் சன்னதி அது. 6.7 மீட்டர் உயர நரசிம்மரை ‘உக்கிர நரசிம்மர்’ என்று அழைப்பதும் அப்படித்தான். அவர் லட்சுமி நரசிம்மர். மடியிலிருந்த தாயார் சிலை உடைக்கப்பட்டுவிட்டது. பின்பக்கம் போய்ப் பாருங்கள், அவரை அணைத்திருந்த தாயாரின் கை மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

மார்ச் முதல் மே வரை பாறை அனலாய்க் கொதிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. மழைக்காலத்தில் துங்கபத்திரை அணை திறந்தால் பரிசலும் படகும் நின்றுவிடும். ஆற்றின் எதிர்க்கரையான ஆனெகுந்திப் பக்கம் அறை எடுத்தவர்கள் பாலம் வழியே சுற்றி வர வேண்டும்.

முடிந்தால் சாளுக்கியரின் தலைநகரமாயிருந்த பாதாமியை முதலில் வையுங்கள். ஹம்பியிலிருந்து சுமார் 140 கி.மீ. தூரம், ஆனால் காலத்தால் ஹம்பிக்கு எட்டு நூற்றாண்டு மூத்தது. ஹம்பியின் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்குச் சாளுக்கியரின் நுட்பம் சிறியதாகத் தோன்றும். பாதாமிக் குடைவரைகள் நான்கில் மூன்றாவதற்கு அதிக நேரம் கொடுங்கள்; 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது அங்கேதான். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கும்.

22 கி.மீ. தள்ளியிருக்கும் பட்டடக்கல்லைத் தமிழர்கள் தவிர்ப்பது வருத்தமான விஷயம். காஞ்சிப் பல்லவரைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வென்றதன் நினைவாக அரசி லோகமகாதேவி கட்டுவித்த விருபாட்சர் கோயில் அங்கே நிற்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலை அறிந்தவருக்கு அதன் சாயல் உடனே பிடிபடும். விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இன்றும் காஞ்சியில் இருக்கிறது. பக்கத்து ஊரான ஐஹொளெயின் ‘துர்க்கை’ கோயில் துர்க்கைக்குக் கட்டியதல்ல. பக்கத்திலிருந்த கோட்டையால், அதாவது துர்க்கத்தால், வந்த பெயர். அதன் பின்பகுதி நம் தூங்கானை மாட வடிவம், அதாவது படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற வளைவு.

பாதாமி, பட்டடக்கல், ஐஹொளெ மூன்று ஊருக்கும் ஒரு முழு நாள் வண்டி பேசுங்கள். பட்டடக்கல், ஐஹொளெயில் நல்ல சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்காதீர்கள். பாதாமியிலிருந்து 5 கி.மீ. தொலைவில் பனசங்கரி கோயிலருகே பெண்கள் கூடையில் கொண்டுவந்து விற்கும் சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் பசியை நன்றாகவே ஆற்றும்.