விளையாட்டு நடந்தது, பாடம் நடந்ததா?

2021-ஆம் ஆண்டில் மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு நிறுத்தப்பட்டு, ஆசிரியரே வகுப்பில் மதிப்பிடும் வகுப்புசார் மதிப்பீட்டுக்கு முதன்மை கிடைத்த பிறகு, பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பாட்டு, நடிப்பு, குழுப்போட்டி ஆகியவற்றைத் துணிந்து கையாளத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். எனினும், பாடவேளை முடிந்ததும் பிள்ளைகளிடம் இன்று என்ன கற்றீர்கள் என்று கேட்டால், யார் வென்றார்கள் என்பதே பல நேரங்களில் விடையாக வருகிறது. குறை விளையாட்டில் இல்லை. அதைப் பாடத்தோடு பொருத்தும் விதத்தில் இருக்கிறது.

பரவலாகக் காணப்படும் தவறு, விளையாட்டைப் பாடத் தொடக்கமான பீடிகையோடு நிறுத்திக்கொள்வது. ஐந்து நிமிடம் பாடிப் பந்தைக் கைமாற்றி, பாட்டு நின்றதும் பந்து வைத்திருப்பவர் எழுந்து விடை சொல்கிறார். பிறகு பயிற்றி (பயிற்சி நூல்) திறக்கப்படுகிறது. அந்தப் பந்து கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் நன்னெறிக்கும் ஒரே மாதிரி சுற்றும் என்பதே அதன் குறை. அன்றைய கற்றல் தரத்தை, அதாவது அன்று பிள்ளைகள் கற்க வேண்டியதை, நீக்கிய பின்னும் ஆட்டம் மாறாமல் நடக்குமானால், அது பாடத்தில் ஒட்டவில்லை என்று கொள்ளலாம். பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கின் பலகையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 7 குழிகள், குழிக்கு 7 கொட்டைகள் என மொத்தம் 98 கொட்டைகள் என்னும்போதே ஏழாம் வாய்ப்பாடு வந்துவிடுகிறது. கொட்டைகளைப் போடுவதற்கு முன்பே, கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும் என ஒரு விதியைச் சேர்த்தால், கணக்குப் போடாமல் ஆடவே முடியாது. (பல்லாங்குழி தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், பயிற்சி மாலையிலும் தொடரும்.)

அடுத்த தவறு, ஒருவர் விளையாட மற்றவர் ஒளிந்துகொள்ள இடம் தருவது. லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்காக வகுப்பின் மூன்று மூலைகளில் மூன்று எழுத்து அட்டைகளை ஒட்டி, ஆசிரியர் சொல்லும் சொல்லுக்கேற்ப ஓடச் செய்வது பலரும் செய்வது. ‘வாளை மீன்’ என்றதும் கெட்டிக்கார மாணவி ஒருத்தி ளகர மூலைக்கு ஓடுகிறாள். அவள் முதுகைப் பார்த்தே மற்றவர்கள் பின்னால் ஓடுகிறார்கள். வீட்டில் ‘வாளப்பளம்’ என்றே கேட்டு வளர்ந்த பிள்ளையின் தடுமாற்றம் அந்தக் கூட்டத்தில் தெரியாமலே போகிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று சிறு அட்டைகள் கொடுத்து, விடைக்குரிய அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, சைகை காட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பச் செய்தால், ஓட்டத்தின் உற்சாகம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தானே முடிவெடுத்தாக வேண்டும். ஆசிரியரும் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்தாக வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தவறினால் வெளியேறு என்னும் விதியுள்ள ஆட்டங்களில், முதலில் வெளியேறி உட்காருபவர் யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவரே. கஹூட் போன்ற இணையப் புதிர்ப் போட்டிகளில் விரைவுக்கும் புள்ளி உண்டு என்பதால், மெதுவாக வாசிக்கும் மாணவர் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒரு வண்ணத்தைத் தட்டப் பழகிவிடுகிறார். எட்டுப் பத்துப் பேர் மட்டுமே உள்ள சிறிய வகுப்புகளில் குழுத்தலைமை எப்போதும் அதே இருவருக்குப் போவதும் உண்டு. பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றினால் போதும்.

ஆசிரியரே ஆடிப் பாடிக் களைத்துப்போவது, பரிசுப் பொருள்களுக்குக் கைக்காசைச் செலவிடுவது, பக்கத்து வகுப்புக்குச் சொல்லாமல் சத்தமான ஆட்டத்தைத் தொடங்குவது ஆகியவை எளிதில் திருத்தக்கூடியவை. ஆட்டத்தின் நடுவில் எதையும் குறித்துக்கொள்ளாமல் விடுவது அவ்வளவு எளிதில் சரியாவதில்லை. மாணவரின் தேர்ச்சி நிலையைக் காட்டும் தர அடைவு 1 முதல் 6 வரை பிறகு நினைவிலிருந்து நிரப்பப்படும்போது, உரக்கப் பேசிய பிள்ளைக்கு ஒரு நிலை கூடுதலாகிவிடுகிறது. அட்டைகள் திரும்பும் அந்த நொடியிலேயே பெயர்ப்பட்டியலில் ஒரு குறியிட்டுக்கொண்டால், மறுநாள் குறைநீக்கல் பயிற்சி யாருக்கு, எந்த எழுத்தில் என்பது கையில் இருக்கும்.