பித்தளை நினைவுத் தகடுகளைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் பழைய ஊர்த் தேவாலயங்களில், அவ்வூர் நிலக்கிழார் குடும்பத்தாரின் கல்லறைகள் மீது பதித்த பித்தளைத் தகடுகளைக் காண்போர் பெரும்பாலும் முகத்தையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் மிகக் குறைவான செய்தியைத் தருவதும் அந்த முகமே. லண்டன் பட்டறைகள் வழக்கமான மாதிரிகளைக் கொண்டே உருவங்களை வெட்டின. ஆகவே தந்தைக்கும் மகனுக்கும் ஒரே முகம் இருப்பதில் வியப்பில்லை.

குலச்சின்னம் பொறித்த கேடயத்திலிருந்து தொடங்குங்கள். அது நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால், நமக்கு இடப்பக்கம் இருப்பது கணவனின் குலச்சின்னம். வலப்பக்கம் இருப்பது மனைவியின் பிறந்த வீட்டுச் சின்னம். கல்வெட்டு வரிகள் அவளை வெறும் 'மனைவி' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் இடங்களில், அவள் எந்தக் குடும்பத்துப் பெண் என்பதை இந்தப் பாதிக் கேடயமே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து எழுத்து. இலத்தீன் வரிகள் 'ஹிக் யாசெத்', அதாவது 'இங்கே கிடக்கிறார்' என்று தொடங்கி, அவர் ஆன்மாவுக்கு இறைவன் இரங்க வேண்டும் என்ற வேண்டுதலுடன் முடிவது வழக்கம். அந்த வேண்டுதல் மட்டும் செதுக்கி அழிக்கப்பட்டிருந்தால், இறந்தோருக்காக மன்றாடுவதை மறுத்த, 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தக் காலத்தவரின் கை அங்கே பட்டிருக்கலாம். இறந்த தேதிக்குரிய இடம் வெறுமையாக இருந்தால், அவர் உயிரோடிருந்தபோதே தகடு செய்யப்பட்டது, பின்னால் வந்தவர்கள் அதை நிரப்பவில்லை என்று கொள்ளலாம். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், 1505 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் பெரும்பாலும் 1506 ஆகும்.

கவசத்தையும் தலையணியையும் வைத்துக் காலம் சொல்வதில் நிதானம் வேண்டும். சர்ரே மாவட்டத்தில் ஸ்டோக் டி ஆபர்னான் என்ற ஊரின் தேவாலயத்திலுள்ள சர் ஜான் டி ஆபர்னானின் தகடு நெடுங்காலம் 1277-ஐச் சேர்ந்ததாகக் கருதப்பட்டது. இப்போது அதை 1320-களில் வைக்கின்றனர்.

பெற்றோரின் காலடியில் வரிசையாக நிற்கும் சிறு உருவங்கள் பிள்ளைகள். துணியில் சுற்றிய உருவம் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இறந்ததைக் குறிக்கும். தகடே இல்லாத கல்லையும் தாண்டிச் செல்லாதீர்கள். பிடுங்கப்பட்ட உருவத்தின் வடிவம் அதில் பள்ளமாகவே நிற்கும்; ஆணித் துளைகளும் தெரியும். 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டபின் அங்கிருந்த தகடுகள் பல திருப்பிப் போட்டு மீண்டும் செதுக்கப்பட்டன. எனவே கீல் வைத்துத் திறக்கும்படி பொருத்திய தகடு இருந்தால், பின்பக்கத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

பயிற்சிக்கு கென்ட் மாவட்டத்தில் கோபம் (Cobham) என்ற ஊரின் தேவாலயம் மிகப் பொருத்தமானது. ஒரே குடும்பத்தின் தலைமுறைகள் அங்கே தரையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மெழுகுக் கட்டியால் தாளில் படி எடுக்க விரும்பினால் குருவானவரின் அனுமதி பெறுங்கள். மென்தூரிகையால் மணலை முழுவதும் நீக்கிவிட்டே தாளை விரியுங்கள். ஒரு மணல் துகள்கூடத் தகட்டில் கீறல் போட்டுவிடும். மெருகுப் பசை எதையும் தொடவே வேண்டாம்.