ஆரோ ஆற்றில் பொன் அரிக்கும் முறை

நியூசிலாந்தின் தென்தீவில், 1862ஆம் ஆண்டின் பொன்வேட்டையால் பெயர் பெற்ற ஆரோ ஆற்றில், ஆரோடவுன் ஊரையொட்டிய ஒரு பகுதி பொதுமக்கள் பொன் அரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே உரிமம் தேவையில்லை. ஆனால் கைக்கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும், மோட்டார் பொருத்திய எதற்கும் அனுமதி இல்லை.

உட்புறத்தில் வரிப்பள்ளங்கள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, கைமண்வெட்டி, சல்லடை, பாறை இடுக்கைச் சுரண்டும் வளைகம்பி, பொன் துகளை உறிஞ்சும் குப்பி ஆகியவை தொடங்குபவருக்குப் போதும். நீரோட்டத்தைக் கொண்டே மண்ணை அரிக்கும், குறுக்குச் சட்டங்கள் கொண்ட ஓடுநீர்ப் பெட்டியைத் தட்டில் கை பழகிய பிறகு வாங்குவதே நல்லது என்பேன்.

பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்சு என்ற கனிமத்துக்கு ஏறத்தாழ 2.65 கிராம் மட்டுமே. ஆகவே, வெள்ளத்தின் வேகம் தணியும் இடங்களில், அதாவது வளைவின் உட்கரையிலும் பெரும்பாறைகளின் பின்புறத்திலும், பொன் முதலில் படிந்துவிடும். எல்லாவற்றையும்விட அடிப்பாறையின் வெடிப்புகளே நம்பத்தக்கவை. அங்கே இறுகிக் கிடக்கும் மண்ணைக் கடைசிப் பிடி வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

சலித்த மண்ணைத் தட்டில் முக்கால் பங்கு நிரப்பி, நீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகள் முழுதும் கரையும்வரை விரல்களால் பிசையுங்கள். கரையாத களிமண் பொன்னைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு தட்டை மட்டமாகப் பிடித்து, பக்கவாட்டில் விரைந்து குலுக்கினால் கனமானவை அடியில் இறங்கும். அதன்பின் வரிப்பள்ளங்கள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தட்டைச் சாய்த்து, அரிசியில் கல் அரிப்பதைப் போல, மேலாக உள்ள மணலை மட்டும் நீரோடு வழியவிடுங்கள். சில முறை வழியவிட்டதும் மீண்டும் மட்டமாக்கிக் குலுக்க வேண்டும். பொன்னை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குலுக்கலைத் தவிர்த்தவர்களே. எண்ணி வைத்த சிறு ஈயக் குண்டுகளை மண்ணில் கலந்து அரித்து, அத்தனையும் தட்டில் மிஞ்சுகின்றனவா என்று வீட்டிலேயே பழகலாம்.

இறுதியில் கருமணல் மிஞ்சும். அதை உலர்த்தி, தாளில் சுற்றிய காந்தத்தால் அதிலுள்ள மேக்னடைட்டு என்ற இரும்புத் தாதுவை அகற்றலாம். பளபளக்கும் துகள் பொன்தானா என்ற ஐயம் எழுந்தால் ஊசியால் அழுத்திப் பாருங்கள்: பொன் நசுங்கும், பொன்போல் மின்னும் கனிமமான இரும்புப் பைரைட்டு நொறுங்கும். பொன் துகள்களைத் திரட்டுவதற்கென்று பாதரசத்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதன் ஆவி நரம்புகளைச் சிதைக்கும், ஆற்றில் கலந்தால் மீன்களின் உடலில் சேரும்.

தோண்டிய குழிகளை மூடிவிட்டுப் புறப்படுங்கள். தென்தீவின் ஆறுகளில் டிடைமோ என்ற பாசி பரவியிருப்பதால், வேறொரு நீர்நிலையில் இறங்குவதற்கு முன் தட்டையும் காலணிகளையும் கழுவி, முற்றிலும் உலர்த்திவிட வேண்டும்.